மேட்டில் போட்ட கிணறு

எங்கள் மேலாளர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். போட்ட இரண்டு கிணறுகளிலும் எரிவாயு இல்லை. மூன்றாவதும் பொய்த்தால் எங்கள் பிரிவையே மூடிவிடுவோம் என்று தலைமையகம் கடிதம் அனுப்பிவிட்டது. என்னையும் அவரையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு வேலை போகும்.

பூமிக்கடியில் பாறை அடுக்குகள் கிடக்கும் விதத்தைக் காட்டும் நில அதிர்வு வரைபடத்தில் ஒரு பள்ளத்தைக் காட்டி ஆறு மாதமாகத் தொண்டை வற்றக் கத்தினேன். அங்கே ஆழத்தில் பாறை பிளந்திருக்கிறது. மக்னீசியம் கலந்த சுடுநீர் அந்தப் பிளவில் ஏறி, சுண்ணாம்புப் பாறையை அரித்து டோலமைட்டாக மாற்றியிருக்கிறது. அரிபட்ட இடம் பாரம் தாங்காமல் லேசாக உள்வாங்கியிருக்கிறது. டோலமைட்டில்தான் பொந்துகள். வாயு தங்குவதும் அந்தப் பொந்துகளில்தான்.

"வாயு எப்பவும் மேட்டுலதான் போய் நிக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீ என்னடான்னா பள்ளத்தைக் காட்டுறே!"

"பொந்து இருந்தாத்தானே அத்தான் நிக்கும்? மேட்டுல இருக்கறது வெறும் சுண்ணாம்பு. கெட்டியா இறுகிக் கெடக்கு."

"அட போம்மா. அந்தப் பள்ளம் கம்ப்யூட்டர் கோளாறு" என்றவர், என் கண்ணெதிரே இரண்டு பொத்தான்களைத் தட்டி அதை நிரவிவிட்டார். பாவி மனுஷன்! மூன்றாவது கிணற்றையும் நானூறு மீட்டர் தள்ளி மேட்டில்தான் போட்டார்கள்.

இன்று காலை, குறித்த ஆழத்துப் பாறைத்தூள் மேலே வந்தது. தட்டில் பரப்பி ஒரு சொட்டு அமிலம் விட்டேன். புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கியது.

அத்தான் கைதட்டிக் குதித்தார். "பாத்தியா, பாத்தியா! வாயு வருது! போன் எங்க? தலைமையகத்துக்கு நானே சொல்லணும்!"

இருபது வருஷம் இந்தத் துறையில் நாற்காலியைத் தேய்த்தவர்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"போனைத் தேடாதீங்க அத்தான். டோலமைட்டா இருந்தா இப்படிப் பொங்காது. இது சுண்ணாம்பு. இங்க ஒண்ணும் இல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ சொன்னதுதான் சரிம்மா. அந்தப் பள்ளத்துலயே போட்டுப் பாத்துடுவோமா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். இப்போது அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

"யாரு அத்தான் போடுவா? நாமதான் நாளைக்கு வேலையில இருக்கமாட்டோமே."