பாதி உறைந்த கிழங்குகள்

1

"அமுக்கிப் பாரேன்க்கா. மேல கொழகொழன்னு இருக்கு, உள்ள கல்லு மாதிரி."

"அமுக்கி அமுக்கியே அழுக வெச்சிடாத. அந்த மேகம் எப்பப் போகும்னு சொல்லு."

"நான் என்ன பூசாரியா?"

"பூசாரின்னா முன்னாடி ஒரு பீர் ஊத்திக் கேட்டிருப்பேன். நீ தம்பிதான, சும்மாவே சொல்லு."

கேட்டவள் பாசிலியா. அமுக்கியவன் அவள் தம்பி செனோன். பொலிவியாவின் மேட்டுச் சமவெளியில், அங்கே குளிர்காலமான ஜூனில் ஒரு பிற்பகல். வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டிய உருளைக்கிழங்கைத் தரையில் பரப்பிவிட்டு நிற்கிறார்கள்.

2

சூப்பில் ஊறிய சுன்யோவைக் கடித்தபடி, இந்த உலர்ந்த கிழங்கின் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று யோசித்ததில் தொடங்கியது இந்தக் கதை.

உயிருள்ள கிழங்கில் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பது அதன் பொறுப்பு. இரவின் உறைபனி அதைக் கிழித்துவிடும். வெயிலில் உருகும் தண்ணீரைப் பிடித்து வைக்க அப்புறம் ஆளில்லை. வெறுங்காலால் மிதித்தால் வெளியே ஓடிவிடும். மிஞ்சும் சுன்யோ வருடக்கணக்கில் கெடாது.

[முதல் வரைவில் எல்லாம் ஒழுங்காக உறைந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அலுப்பாக இருந்தது. ஆகவே முதல் உறைபனிக்குப் பிறகு வானத்தில் மேகத்தை எழுதினேன். மேகம் மூடினால் நிலத்தின் சூடு போகாது, பனி உறையாது. பாதிச் சவ்வுகள் கிழிந்து, பாதி உயிரோடு, கிழங்குகள் மாட்டிக்கொண்டன. விதைக்கவும் ஆகாது, மிதிக்கவும் ஆகாது. இன்றிரவும் உறையாவிட்டால் அழுகல்தான்.]

3

முடிவு ஒன்று: மேகம் கலைகிறது. காலையில் பாசிலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிழங்குக் குவியல்மேல் ஏறி

வேண்டாம். பிச்சை போட்டது மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: நாற்றம் முதலில் நாய்க்குத்தான்

"ஏய், நிறுத்துப்பா!"

"யாருகிட்டக்கா பேசுற?"

"மேகத்தக் கொண்டாந்தவன்கிட்ட. ஏம்ப்பா, கதை ஓடலன்னா செனோனுக்குப் பல்வலின்னு எழுதேன். என் சோத்துலயா கை வெப்ப?"

"என் பல்லு உனக்கு என்னக்கா பண்ணுச்சு?"

4

எங்களுக்கு நடுவிலும் ஒரு சவ்வு இருக்க வேண்டும். அவள் திட்டு இந்தப் பக்கம் வருகிறது. என் மேகம் அந்தப் பக்கம் போனது. திரும்பி வர மறுக்கிறது. மேகம் வந்த வரியைப் பேனாவால் அடித்துப் பார்த்தேன். பயனில்லை. நீங்கள்தான் படித்துவிட்டீர்களே.

வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பாசிலியா என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"படிக்கிறவங்களே, இவன் வேலைக்கு ஆகமாட்டான். இருட்டுறதுக்குள்ள அந்த மேகத்த நீங்க மறந்துடுறீங்களா?"