கார்டில் இருக்கிற வயது

வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் புடவையை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். ரத்னம்மாவின் ரவிக்கைக் கொக்கியைக் கழற்ற யாரோ கையை நீட்டியபோது, "நீங்க உடுங்க, அம்மாவ நானே பாத்துக்கிறேன்" என்றாள் தேன்மொழி. இடது மார்பிலிருந்த புண்ணை அம்மா மகளையும் நர்ஸ் செல்வியையும் தவிர யாருக்கும் காட்டியதில்லை. இப்போது மட்டும் ஊருக்குக் காட்டுவானேன்? வலிக்கும் என்பதுபோல அந்த இடத்தில் மட்டும் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

"எழுவத்தி நாலு வயசு. கல்யாணச் சாவுதான்" என்றாள் புடவையைப் பிடித்திருந்த ஒருத்தி.

தேன்மொழிக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு அறுபத்து நாலுதான். நூல் விலை ஏறி நகரியில் விசைத்தறிகள் நின்றுபோன வருடம், பெங்களூருக்குத் துணிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பிய அண்ணன் தணிகைவேல், போகிறபோக்கில் அம்மாவுக்குச் செய்த உபகாரம் அந்தப் பத்து வயது. மண்டல ஆபீசில் யாரையோ பிடித்து ரேஷன் கார்டில் வயதைக் கூட்டி, முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தான். தெருவில் பாதிப் பேர் செய்த காரியம்தான். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் திருப்பதியில் பெண்களுக்கு இலவச மார்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள். நாற்பதிலிருந்து எழுபது வயது வரை. தேன்மொழிதான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். மேசையிலிருந்த பெண் கார்டைப் பார்த்துவிட்டு, "டெப்பை தாட்டினவாள்ளகி லேதம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இல்லையாம். தேன்மொழி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"சும்மா இரு. பென்சனு போயிடும். எனக்கு இன்னா நோவு? கல்லு மாரி கீறேன்."

தேன்மொழி சும்மா இருந்துவிட்டாள். இனிமேல் தனக்கு நோயே வராதாம் என்று பஸ்ஸில் ஊர் வரைக்கும் அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள். மறு வருடம் மார்பில் கட்டி தட்டுப்பட்டது.

குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றி, அம்மாவை வாசலில் கிடத்தினார்கள். நர்ஸ் செல்வி வந்து சற்று நேரம் காலடியில் நின்றாள். பிறகு தேன்மொழியின் அருகே குந்தி, பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"இது பேசற நேரம் இல்ல தேனு. ஆனா நாளைக்கே திருப்பதி கேம்புக்கு லிஸ்டு அனுப்பணும். பெத்தவளுக்கு வந்துகீது. நாப்பது ஆனா நீயும் வருசா வருசம் பாத்துக்கணும். இப்ப எத்தினி வயசு ஒனக்கு?"

தேன்மொழிக்கு நாற்பத்தொன்று.

"முப்பத்தஞ்சு ஆவுது நர்சம்மா" என்றான் சிட்டிபாபு. மனைவி காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையே என்று காபி டம்ளரோடு வந்து நின்றிருந்தான். அவனுக்கு முப்பத்தொன்பது. வயதைக் கேட்டே மூன்று வரன்கள் தட்டிப்போக, நாலாவதாக வந்த இவனிடம் அம்மாவும் அண்ணனும் ஆறு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக அவளை "சின்னப் பொண்ணு" என்றுதான் கேலி செய்கிறான்.

தேன்மொழி அண்ணனைப் பார்த்தாள். தணிகைவேல் அம்மாவின் மாலையில் சிக்கிக்கொண்ட நூலைப் பிரிக்கத் தொடங்கினான். இப்போது சொன்னால் அம்மா பாடை ஏறுவதற்குள் பொய்க்காரியாகிவிடுவாள். சொல்லாவிட்டால்? ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. சாவு வீட்டில் கத்தினால் அம்மாவுக்காகத்தான் என்று நினைப்பார்கள்.

"அப்ப இன்னும் அஞ்சு வருசம் கீது" என்று செல்வி எழுதினாள். "நடுவுல கட்டி கிட்டி தட்டுப்பட்டா மட்டும் ஓடியா. நான் சொன்னதுக்கு ஒரு கையெழுத்து போடு."

சிட்டிபாபு காபியைக் கீழே வைத்தான். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினான். "போடு தேனு."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முப்பத்தைந்துக்கு நேராகத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நோட்டு ஆடாமல் இருக்க அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.