பாம்பும் பிளக் பாயிண்டும்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்ன கிளினிக் ஒன்றில் கனகவதி நர்ஸாக இருந்தாள். ஊசி போடும்போது நோயாளியின் கவனத்தைத் திருப்ப, எதைக் கண்டால் பயம் என்று கேட்பது அவள் வழக்கம். பாம்பு, உயரம், இருட்டு என்பார்கள். மோட்டார் என்றோ லாரி என்றோ ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவள் கட்டுப் போட்டதெல்லாம் மோட்டாரில் சிக்கிய விரல்களுக்கும் லாரி இடித்த கால்களுக்கும்தான்.

1999இல் முள்ளிப்பட்டிலிருந்து விசைத்தறி மெக்கானிக் ஜெயவேல் வந்தான். ஷாக் அடித்து உள்ளங்கை வெந்திருந்தது. அவனும் பாம்பு என்றான்.

"பாம்பு உங்கள எப்பவாச்சும் கடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"கரண்டு?"

"இதோட மூணாவது தபா, சிஸ்டர்." சொல்லிவிட்டு அவனே யோசனையில் ஆழ்ந்தான்.

கனகவதியையும் அது விடவில்லை. வீட்டில் அவளுடைய இரண்டு வயது மகள் மஹிமா பிளக் பாயிண்டில் விரலை விடுவாள். எவ்வளவு அதட்டினாலும் அரை மணியில் மறுபடி அங்கேதான் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் சாரைப்பாம்பு ஒன்று தலைகாட்டியது. மஹிமா சிரித்துக்கொண்டே அதை நோக்கி நடந்தாள். கனகவதி அலறியபடி ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டாள். கணவன் சுமதிராஜ் தண்ணீர் ஊற்றிப் பாம்பை வேலிப் பக்கம் போகவிட்டான். சமணக் குடும்பம்; அடிக்கிற பேச்சே கிடையாது.

அந்த ஓர் அலறல் போதுமாயிருந்தது. அதன்பிறகு தரையில் கிடக்கும் ரப்பர் குழாயைக்கூட மஹிமா தாண்ட மாட்டாள். ஆனால் அன்று சாயங்காலமே ஹேர்பின்னோடு பிளக் பாயிண்ட் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை பயத்தோடு பிறக்கவில்லை, சில பயங்களுக்கு மட்டும் மனதில் முன்கூட்டியே இடம் இருக்கிறது போலும் என்று கனகவதி நினைத்தாள். பாம்போடு மனிதர்கள் எத்தனை ஆயிரம் தலைமுறை புழங்கியிருப்பார்கள்? கரண்டு அவள் மாமனார் காலத்தில்தான் ஊருக்கு வந்தது.

கட்டு மாற்ற வந்த ஜெயவேலிடம் இதையெல்லாம் சொன்னாள்.

"அப்ப பயம் வரும்னு காத்துகினு இருந்தா ஆவாது சிஸ்டர். எட்டாத மாதிரி வெச்சிடணும்" என்றான்.

கை ஆறியதும் அவள் வீட்டுக்கு வந்து, பிளக் பாயிண்டுகளை ஆளுயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தான். இனி இஸ்திரிப் பெட்டியின் ஒயர் எட்டாதே என்று சுமதிராஜ் முனகினான். கனகவதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மஹிமா புதிதாகப் பூசிய சுவரைத் தடவித் தடவி, துளை எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தாள்.