பொம்மை மண்டி

வெங்காயக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பெண்டாட்டி கொடுக்கிற காபியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மண்டி வாசலை ஒட்டிய முதல் கடை அவருடையது. அதுதான் அவருடைய உயிர்.

அந்த மண்டியை ஏல முறைக்கு மாற்றப்போகிறார்களாம். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்க வியாபாரிகளை அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள்.

"இதுக்குள்ள ஒரு பொம்மை மண்டி இருக்கு. கடையில எப்படி வாங்கி விப்பீங்களோ அப்படியே ஆடுங்க. உங்களப் பாத்துத்தான் இது கத்துக்கும்" என்றாள் அதிகாரியம்மா.

"கத்துக்கிட்டு எங்க போய்ச் சொல்லும்? வரி ஆபீசுலதான்! அடக்கி வாசிடா" என்று பக்கத்திலிருந்த மச்சானின் காதைக் கடித்தார்.

உருளைக்கிழங்கு வியாபாரியான மச்சான் சிரித்தான். "உங்களுக்கு எதுலதான் மாமா சந்தேகம் இல்ல?"

லாரி லாரியாக இறக்குகிற மனிதர், திரையில் நாலு மூட்டைக்கு மேல் கேட்கவில்லை. விலை சற்று ஏறினாலும் பின்வாங்கினார். நஷ்டத்துக்கு விற்றார். கம்ப்யூட்டர், பாவம், அத்தனையையும் நம்பிவிட்டது. அரசாங்கத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவிய பெருமையில் வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதம் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள்.

"நீங்க ஆடினத வச்சு, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வருஷம் ஏலம் நடத்திப் பாத்தோம். பலமில்லாதவங்க சீக்கிரமே திவாலாயிடறாங்க. அவங்களக் காப்பாத்த, ஏலத்துல சேக்காம, பின்பக்கச் சில்லறை வரிசையில இடம் தர்றோம்" என்ற அதிகாரியம்மா, முதலில் வெங்காயக்காரரைத்தான் பரிவோடு பார்த்தாள்.

அவர் துள்ளி எழுந்தார். "நான் அப்படிப்பட்ட ஆளில்லம்மா! அன்னைக்குச் சும்மா ஏமாத்தி ஆடினேன்!"

கடை பறிபோகிறவர்கள் சொல்கிற பேச்சாகத்தான் அவளுக்குப் பட்டது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள்: "அப்ப உங்க நிஜக் கொள்முதல் கணக்கக் காட்டுங்க. மறுபடி ஓட்டிப் பாத்து மாத்திடறேன்."

"காட்டிடுங்க மாமா, கடை போயிடும்" என்று மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

வெங்காயக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியாடா? இதுக்குத்தான் இவ்வளவு நாடகமும்!" என்றார். "என்கிட்டயா?"

பின்வரிசைக் கடைக்குச் சம்மதம் என்று அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.