தலைவரின் சொந்த மெயில்

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, புதுவாய்க்கால்பேட்டை பேரூராட்சிக்குச் செயல் அலுவலராக மாலதி வந்தது 2007 ஜூனில். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. அரசாங்கம் கொடுத்த மெயில் முகவரியும் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேரூராட்சித் தலைவர் செந்தமிழ்செல்வனிடம் கேட்டார்.

எல்லாம் தன் சொந்த மெயிலுக்குத்தான் வருகிறது என்றார் தலைவர். ஆபீஸ் மெயிலை ஆளாளுக்குத் திறந்து பார்ப்பார்கள், பாதுகாப்பு கிடையாது, அதனால் ஆட்சியர் அலுவலகம் முதல் கான்ட்ராக்டர்கள் வரை எல்லோருக்கும் தன் முகவரியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த முகவரியில் அவர் பெயரோடு ஒரு சிங்கமும் இருந்தது. விசிட்டிங் கார்டிலும் பேரூராட்சி அறிவிப்புப் பலகையிலும் அதைத்தான் எழுதிவைத்திருந்தார். முக்கியமான கடிதம் ஏதாவது வந்தால் தானே பிரிண்ட் எடுத்து அனுப்புவதாக மாலதிக்கு வாக்குக் கொடுத்தார். இது முறையில்லை என்று மாலதி எழுத்தில் ஒரு குறிப்பு வைத்தார். தலைவர் அதில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு சரி.

அந்த ஏற்பாட்டின் வசதி மாலதிக்கு மறு வருஷம் புரிந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் தேவசகாயம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டார். வடக்குத் தெருவில் வடிகால் கட்டி முடித்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது, நான் அதே தெருவில்தான் குடியிருக்கிறேன், என் கண்ணில் எந்த வடிகாலும் படவில்லை, அது சம்பந்தமான கடிதங்களின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தார். மாலதி அலமாரியெல்லாம் தேடினார். ஒரு காகிதமும் இல்லை. 'இவ்வலுவலகத்தில் அவ்வாறான கடிதம் ஏதும் இல்லை' என்று பதில் எழுதினார். அது உண்மைதான். தலைவரின் மெயிலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் எழுதவில்லை.

2008 கார்த்திகையில் மழை ஓயாமல் கொட்டி, ஊரின் இரண்டு காலனிகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. இருநூற்றுப் பதினாலு குடிசைகள் விழுந்தன. மாலதி முழங்கால் தண்ணீரில் நடந்து கணக்கெடுத்துப் பட்டியலைத் தயாராக வைத்திருந்தார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அலுவலக ஃபோன் லைன் செத்துக் கிடந்தது. நாலாம் நாள் ஒரு பஸ் பிடித்துக் கடலூர் போனபோதுதான் தெரிந்தது. பட்டியல் கேட்டுத் தலைவரின் முகவரிக்கு மெயில் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கெடு முடிந்து, முதல் பட்டியல் சென்னைக்குப் போய்விட்டது. புதுவாய்க்கால்பேட்டை என்ற பெயர் அதில் இல்லை.

பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நிவாரணம் வந்து, இங்கே வராமல் போகவே காலனி சனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால், துண்டை விரித்து முதல் ஆளாக உட்கார்ந்தவர் தலைவர் செந்தமிழ்செல்வன். மைக்கை வாங்கி, அதிகாரிகளின் அலட்சியத்தைக் கண்டித்து அரைமணி நேரம் பேசினார். கடிதம் வந்த அடுத்த நிமிஷமே செயல் அலுவலருக்குத் தான் மெயில் அனுப்பிவிட்டதாகவும், அந்த அம்மா அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றும் சொன்னார். சனங்கள் மாலதியை ஏசினார்கள். மறுநாள் மாலதிக்கு மெமோ வந்தது. வேலை போனாலும் போகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை கடலூரில் நடந்தது. விசாரித்த துணை ஆட்சியர் அதிகம் பேசாதவர். தலைவர் வெள்ளைச் சட்டையில், ரோட்டில் சொன்னதையே இன்னும் கொஞ்சம் அழகாகச் சொன்னார். மாலதியின் முறை வந்தது.

"அய்யா, எனக்கு அனுப்புனதா சொல்றாங்க இல்லிங்களா, அந்த மெயில இங்கயே திறந்து காட்டச் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என் சொந்த மெயிலுங்க. குடும்ப விஷயமெல்லாம் இருக்கும்."

துணை ஆட்சியர் ஒரு கோப்பைப் புரட்டினார். "பேரூராட்சியோட மெயில் இதுதான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"ஆமாங்க. ஆபீஸ் விஷயத்துக்கு அது ஆபீஸ் மெயில்தான்."

"அப்ப திறங்க."

தலைவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. அது மச்சானுக்குத்தான் தெரியும் என்றார். கீழே டீக்கடையில் நின்ற மச்சான் கொளஞ்சியைக் கூட்டிவந்தார்கள். கொளஞ்சி அந்தப் பேரூராட்சியில் எந்த வேலையிலும் இல்லை. அதன் ஒப்பந்தக்காரர், அவ்வளவுதான். மற்ற ஒப்பந்தக்காரர்கள் அனுப்புகிற விலைப்புள்ளிகளும் இந்த மெயிலுக்குத்தான் வரும். அவற்றை முதலில் படிக்கிறவரும் அவரே. அதனால்தான் எந்த டெண்டர் வந்தாலும் எல்லோரையும்விடச் சரியாக ஒரு நூறு ரூபாய் குறைத்துப் போட அவரால் முடிந்தது.

வெள்ள நிவாரணக் கடிதம் இருந்தது. தடித்த கறுப்பு எழுத்தில், யாரும் திறக்காமல் அப்படியே இருந்தது. மாலதிக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. அன்று அங்கிருந்து போன மெயில் ஒன்றே ஒன்று. பதினேழு நண்பர்களுக்கு, குடை பிடித்த நாய்க்குட்டியின் படம்.

வந்த மெயில்களில் இன்னும் கீழே, பேரூராட்சிப் பொறியாளரின் பழைய மெயில் ஒன்று இருந்தது. துணை ஆட்சியர் அதைத் திறக்கச் சொன்னார். 'வடக்குத் தெரு வடிகால் முடிந்ததாக எழுதிவிட்டேன். நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஓரமாக வேறு ஊர்ப் பெயர்ப்பலகை தெரிகிறது. அதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பவும்.'

"மாமா, இது பர்சனல்னு சொல்லுங்க," என்றார் கொளஞ்சி மெதுவாக.

துணை ஆட்சியர் காதில் அது விழுந்தது. "தலைவர் இப்பத்தான் ஆபீஸ் மெயில்னு சொன்னாரு," என்றவர், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். நடுவில் ஒருமுறை பிரிண்டரில் மை தீர்ந்தது.

மாலதிக்கு மெமோ ரத்தானது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், தான் கையெழுத்துப் போட்ட அந்தப் பதில்தான் மனதில் உறுத்தியது. வடிகால் கடிதங்களின் நகலை அனுமதியோடு எடுத்துக்கொண்டு தேவசகாயத்தின் வீட்டுக்கே போனார். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு தாளாக வாசித்து முடித்தார்.

"நீங்க அன்னிக்கு எழுதுனது பொய் இல்லம்மா," என்றார். "ஆனா எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும் இல்லியா?"

"தெரியும் சார்," என்றார் மாலதி. தேவசகாயம் தாள்களை மடித்து வைத்தார். உட்காரச் சொல்லி டீ போடப் போனார்.

காலனிகளுக்கு நிவாரணம் தை மாதம்தான் வந்தது. பொறியாளர் சஸ்பெண்டானார். கொளஞ்சியின் ஒப்பந்த உரிமம் ரத்தானது. தலைவருக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் போனது. பதவி போகவில்லை. அடுத்த கூட்டத்தில், தன் மெயிலில் வைரஸ் புகுந்து பொய்க் கடிதங்களை எழுதிவிட்டதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். அது ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதே வருஷம் மாலதிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

2011 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் தன் மனைவியை நிறுத்தினார். இரண்டு காலனிகளிலும் சேர்த்து அந்த அம்மாவுக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு.