அபிலியோவின் ஸ்வெட்டர்

மலை உச்சியில் இருக்கும் எங்கள் வாங்காவெலிக்கா ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருப்பதைவிடக் கழுதையாக இருந்துவிடலாம். குழி வெட்டுவது மாப்பிள்ளை. பெட்டி தூக்குவது மாப்பிள்ளை. வந்தவர்களுக்கெல்லாம் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாயிலேயே விழுவதும் மாப்பிள்ளைதான். ஐந்தாம் நாள், செத்தவனின் துணிமணியை எல்லாம் ஆற்றுக்குச் சுமந்துபோய்த் துவைப்பதும் அவன் வேலை. கூடப்பிறந்தவர்களும் பெற்றவர்களும் அந்தத் துணியைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்தவன் கைதான் படவேண்டும். ஒரு துணி விட்டுப்போனாலும் போனவனுக்கு வழி திறக்காது. வீட்டையே சுற்றிச் சுற்றி வருவான்.

நான் சும்மா புலம்புகிறேனே தவிர, அபிலியோவுக்குச் செய்வதில் எனக்கென்ன குறை? என் மனைவி நில்டாவின் தம்பி அவன். நான் ஆட்டோ ஓட்டுகிறேன், அவன் வேன் ஓட்டினான். என்னைக் கண்டால் ஹாரனை அடித்து, "மச்சான், தகர டப்பா இன்னும் ஓடுதா?" என்று கத்திவிட்டுப் போவான். லிர்காய் சாலையில் பனிமூட்டத்தில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டான். கயிறு கட்டி மேலே தூக்கியபோது உடம்பில் ஒரு மெல்லிய சட்டை மட்டும்தான் இருந்தது. அன்று காலையில் நல்ல வெயிலாம். ஸ்வெட்டரைக் கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த ஸ்வெட்டர் ஊருக்கே தெரியும். பழுப்பு நிறம், எங்கள் மலையில் மேய்கிற அல்பாக்கா மிருகத்தின் ரோமம். அவன் அம்மா செனோபியா தன் கையால் நூற்றுப் பின்னியது. இடது முழங்கையில் கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்திருந்தாள், வீட்டில் வேறு நூல் இல்லாததால். அபிலியோ அதைப் போட்டுக்கொண்டேதான் பிறந்தான் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

செனோபியா அத்தை அழவில்லை. பெட்டியை மூடும்போதும் அழவில்லை, மண் தள்ளும்போதும் அழவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்னத் தங்கும் விடுதி உண்டு. அடக்கம் முடிந்து திரும்பியதும் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியான ரயிலில் ஒரு பையன் வந்து இறங்கினான். ஹாலந்துக்காரன், பெயர் யோஸ்ட். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவன், என் ஆட்டோவில் ஏறி இரண்டு தெரு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான். எங்கள் ஊர் உயரம் புதிதாக வருகிறவர்களை அப்படித்தான் வரவேற்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

நில்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு அறிவிருக்கா? துக்க வீட்டுல யாராவது ஆளைக் கொண்டாந்து தங்க வைப்பாங்களா?"

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். அபிலியோவின் வயதுதான் இருக்கும். "யாரு பெத்த புள்ளையோ. உள்ள கூட்டிட்டு வா, மாப்ளே" என்றாள்.

மலை மயக்கத்துக்குக் கொக்கா இலைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். மகன் செத்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. சரி, நல்லதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் துணிகளை மூட்டை கட்டப் போனேன். கால்சட்டை, சட்டை, கால்பந்து ஆடும் பனியன், காலுறை என்று எல்லாம் இருந்தன. ஸ்வெட்டர் மட்டும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பெட்டிக்குள் பார்த்தேன். அத்தையிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? நீதானே தேடுற, தேடு" என்று கஷாயச் சட்டியோடு வெளியே போய்விட்டாள்.

முற்றத்துக்கு வந்தேன். யோஸ்ட் வெயிலில் ஒரு நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல் பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில் பச்சைத் தையல். அத்தை அவன் பின்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, மூக்கை அதில் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பார்க்காதவன்போல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

சமையலறைக்கு அவளைக் கூப்பிட்டேன். "அத்தே, நல்ல வேலை பார்த்தீங்க. விருந்தாளி உடம்புல இருந்து நான் உருவ மாட்டேன்னுதானே அவனுக்குப் போட்டு விட்டீங்க?"

"அந்தப் புள்ள குளிர்ல நடுங்குனான்."

"வீட்டுல போர்வைக்கா பஞ்சம்? நாளைக்குத் துவைக்கணும். தெரியாதா உங்களுக்கு?"

"எல்லாத்தையும் எடுத்துக்க. இது ஒண்ண விட்டுடு."

"விட்டா அவன் எப்படிப் போவான்? ஏற்கெனவே வெறும் சட்டையோட போயிருக்கான். துவைச்சாத்தானே அது அவனுக்குப் போய்ச் சேரும்? அங்க குளிர்ல நிக்கட்டும்னா சொல்றீங்க?"

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "குளிரட்டும். குளிர்னா ஸ்வெட்டரைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வருவான்ல? வரட்டும். எங்க போட்டோம்னு அவனுக்கு எப்பவும் ஞாபகம் இருக்காது. என்னைத்தான் கேப்பான். 'அம்மா, ஸ்வெட்டர் எங்க'ன்னு."

"அத்தே..."

"ஒரு தடவை வந்து கேக்கட்டும், மாப்ளே. நானே எடுத்துக் குடுத்து அனுப்பிடுறேன்."

நான் கோபக்காரன். நில்டாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். அத்தையிடம் அன்றைக்கு என்னால் கத்த முடியவில்லை. அவள் வாசனைக்காக அதை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அதைவிடப் பெரிய ஆசையில் இருந்தாள். அப்படியும் விடாமல், "இனிமே அதுல உங்க மகன் வாசனை எங்க இருக்கு? அந்த ஹாலந்துக்காரன் வேர்வைதான் இருக்கும்" என்றேன்.

"அடியில இருக்கு" என்றாள். "எனக்குத் தெரியுது."

ஐந்தாம் நாள் எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பினோம். பெற்றவள் கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதனால் அத்தையும் வந்தாள். கிளம்பும்போது யோஸ்டிடம் போய், "கழட்டாதே, குளிரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் பேச்சு அவனுக்கு அரைகுறையாகத்தான் வரும். ஆனாலும் தலையை ஆட்டினான். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. மறுநாள் காலை ரயிலுக்குப் புறப்படுவதாகச் சொன்னான். அதற்குள் அதை வாங்கி எங்கேயாவது ஒளித்துவிடலாம் என்று அத்தை கணக்குப் போட்டிருப்பாள்.

இச்சு ஆற்றுத் தண்ணீரில் காலை வைத்தால் எலும்பு விண்ணென்று தெறிக்கும். முழங்கால்வரை இறங்கி நின்று நான் ஒருவன் துவைத்தேன். கரையில் கொக்கா இலை மென்றபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான்தான் அன்றைய வேடிக்கை.

"பொண்ணு கேக்க வந்தப்போ எவ்வளவு வேகமா வந்தே! கை மட்டும் ஏன் இப்படி மெதுவா ஓடுது?" என்றாள் ஒரு கிழவி.

"நல்லா கசக்கு, மாப்ளே. போற வழியில அவன் மானம் போயிடக்கூடாது."

சாவில் மாப்பிள்ளையைச் சீண்டினால்தான் துக்கம் கொஞ்சம் இளகும். நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே கசக்கினேன். துவைத்த துணிகளைப் பாறைமேல் விரித்தபோது, நில்டாவின் பெரியப்பா ஃபெர்மின் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த மாதிரிச் சடங்குகளில் அவர் பேச்சுதான் முடிவு.

"ஸ்வெட்டர் எங்கடா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வண்டியோட பள்ளத்துல போயிடுச்சு, மாமா" என்றேன்.

நில்டாவுக்குப் பொய் என்று தெரியும். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபெர்மின் மாமா என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப பள்ளம் துவைச்சிருக்கும்" என்று போய் உட்கார்ந்தார். தண்ணீரில் நின்றதைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் நடுங்கியது. செத்தவனுக்கு வழியை அடைத்தவன் நான்தான். அபிலியோ, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளடா, உன் அம்மாவுக்காக, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது அத்தை எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். இத்தனை நாளில் அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை.

முற்றத்துக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கொடியில் பழுப்பு ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் விரித்துக் காயப்போட்டிருந்தன. கீழே கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் பாதி கரைந்த துணி சோப்பு. யோஸ்ட் தன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அதன் கையை மடித்து, ஈரக் கையோடு சிரித்தபடி வந்தான்.

"அம்மா, நன்றி. நல்லாயிட்டேன். வேர்வை. நான் துவைச்சேன். எங்க அம்மா சொல்வாங்க, இரவல் வாங்கின துணியைத் துவைச்சுத்தான் குடுக்கணும்."

எனக்கு அவனை அங்கேயே அறையலாம்போல இருந்தது. ஒழுங்காக வளர்த்திருக்கிறாள் அவனைப் பெற்றவள். அதற்கு யாரைப் போய் அறைவது?

ஃபெர்மின் மாமா என் பின்னால் வந்து நின்றார். பச்சைத் தையலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பள்ளத்துல போச்சுன்னியே?" பிறகு மெதுவாக, "யார் துவைச்சது? இந்த வெளியூர்ப் பையனா?" என்றார். நான் தலையசைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அப்ப எல்லாம் முடிஞ்சுது. இனிமே அவன் போகலாம்." மற்றவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அத்தை கொடியண்டை போனாள். ஈர ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதில் புதைத்தாள். ஒரு பக்கம் முகர்ந்தாள், மறுபக்கம் திருப்பி முகர்ந்தாள், கைப்பகுதிக்குள்ளே முகத்தைவிட்டு முகர்ந்தாள்.

"சோப்பு வாசனைதான் இருக்கு, மாப்ளே" என்றாள்.

நான் பக்கத்தில் போனேன்.

"நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து வந்திருக்கான் என் புள்ள. என்னைக் கேக்கவே இல்ல. எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

அப்போதுதான் அழுகை வந்தது. அவள் குரல் அப்படி உடையும் என்று நான் நினைத்ததே இல்லை. நில்டா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவர்கள் இருவர் மேலும் சொட்டியது. நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

யோஸ்டுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சுருங்கிடுச்சா?" என்று கேட்டான். "தப்பாத் துவைச்சிட்டேனா, அம்மா?"

அத்தை ஈர முகத்தைத் தூக்கினாள். அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"இல்ல, ராசா. நல்லாத் துவைச்சிருக்கே."