எறும்பு வராத தரை

விடிவதற்குள் இரத்தம் காய்ச்சியாக வேண்டும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்து, நிறம் சற்றுக் கறுக்க ஒரு சிட்டிகை காப்பித்தூளும் தூவி, அடுப்பைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருப்பேன். கை நின்றால் கட்டி தட்டிவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த வேலை, புண். பஞ்சைப் பிய்த்து ரப்பர் பசையில் தோய்த்து, தோலின் மேல் ஒட்டி, காய்ந்ததும் நகத்தால் கீறி விளிம்பைத் தூக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு ஏழு மணிக்குள் புண் வைத்து முடிக்கும்போது என் இடுப்பு என்னிடம் இருக்காது.

படம் கொள்ளைநோய்ப் படம். நோய் ஊரை முடித்த பிறகு, நோயாளிகள் நிறைந்த ஒரு கிடங்கிலிருந்து ஐந்து பேர் உயிர் தப்பும் கதை. பார்ப்பவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பணம் போட்டவரும் இயக்குபவரும் ஒருவரேதான். டைரக்டர் என்று கூப்பிட்டால் முகம் மலரும், முதலாளி என்றால் சுருங்கும். பேச்சு மட்டும் எப்போதும் முதலாளிப் பேச்சு. செட் போட வசதியில்லாமல், வெகுநாள் பூட்டிக் கிடந்த நிஜக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

நோயாளிகளாக நடிக்க வந்தவர்களில் பன்னிரண்டு பேர் தரையில் படுத்துக் கிடக்க வேண்டும். பத்துப் பேர் ஜன்னலோரம் நின்று கையை நீட்ட வேண்டும். படுக்கிறவர்களில் ஒருத்தி என் நாத்தனார், என் கணவரின் தங்கை. நான்தான் அழைத்து வந்தேன். "சும்மா படுத்துக் கிடக்கிற வேலை, உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று கேலி பேசித்தான் கூட்டி வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

எங்கள் தொழிலில் நேற்று வைத்த புண் இன்றும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் தினமும் மேக்கப் கலைப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து வைப்பேன். மறுநாள் காலை அதைப் பார்த்துத்தான் வரைவேன்.

வியாழக்கிழமை காலை நாத்தனாரின் வலது முழங்கையில் சிவப்பாய் ஒரு தடிப்பைக் கண்டேன்.

"நேத்து சரியா கழுவலையா?"

"கழுவினேன் அண்ணி. எவ்வளவு தேய்ச்சும் போகல."

போனைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் புண் வைத்ததாகப் படத்தில் இல்லை. வைத்துவிட்டுப் படமெடுக்க மறந்திருப்பேன் என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, தடிப்பின் மேலேயே பஞ்சையும் பசையையும் வைத்தேன். மேக்கப்காரியைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு வராது. நிஜப் புண்ணைப் பொய்ப் புண்ணால் மூடினேன். அன்று டைரக்டர் கேமராவை அவள் கைக்கு அருகில் கொண்டுபோகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கைதட்டினார். "பிரமாதம்! இது ஒண்ணுதான் நிஜம் மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை ஒட்டடைக்கு மூச்சு முட்டியது. நெட்டையாய், எலும்பும் தோலுமாய் இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். குப்புறக் கிடந்த பிணமாக நடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இருமத் தொடங்கினார். "பிணம் இருமுமாய்யா?" என்று டைரக்டர் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். புரட்டிப் பார்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சட்டையை விலக்கினால் தோளெல்லாம் கொப்புளம். அவரை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த படத்தின் மேனேஜர் சொன்னார்: "தொத்து வியாதிக்காரன். மறைச்சு வந்திருக்கான். எல்லாரும் கொஞ்சம் தள்ளியே இருங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாள் ஆளுக்கொரு தம்ளர் வீட்டிலிருந்து வந்தது. தண்ணீர்ப் பானையை முதலில் தொட்டது யார் என்று சண்டை. ஜன்னலோரம் நிற்கும் ஒட்டடையின் மனைவி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. புண் வைத்த முகங்கள் ஒன்றையொன்று உற்றுப் பார்த்தன, அதில் எது பசை, எது நிஜம் என்று. மேலும் நான்கு பேருக்குத் தடித்திருந்தது. அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் வேனில் ஏற்றிவிடுவார்களே!

நாத்தனார் மட்டும் நேராகக் கேட்டாள். "அண்ணி, இந்தப் பசை எங்க வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கற கடைலதான்."

பொய். மேனேஜர் என் சாமான் செலவைப் பாதியாக வெட்டியிருந்தார். மலிவான பசையைத்தான் வாங்கியிருந்தேன். டப்பாவை எடுத்து என் பைக்கு அடியில் தள்ளினேன். அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் கவனித்ததும் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் சீக்கிரமே புண் வைத்து முடித்திருந்தேன். ஐந்தரை மணிக்கே டைரக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். ஒட்டடைக்கு முன்பே தோல் வியாதி இருந்தது, மேக்கப் போடும்போதே நான் அதைக் கண்டேன் என்று தட்டச்சு செய்திருந்தது.

"அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரிச் செலவு கேக்கறா. விசாரணை அது இதுன்னு வந்தா மொதல்ல உன் பசையைத்தான் பிடிப்பாங்க. கையெழுத்துப் போடு. உன் மேல தூசு படாம நான் பாத்துக்கறேன்."

"நான் பாக்கலையே சார்."

"இருபத்திரண்டு பேரைப் பாக்கற. ஒருத்தனைப் பாத்தது மறந்திருக்கும். இன்னிக்கு எல்லாரும் படுக்கற கடைசி சீன். அதுக்குள்ள குடுத்துடு."

மேக்கப் அறையில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது, மறைப்பானேன்? பயம் வந்தால் மனசு எவ்வளவு சீக்கிரம் அடுத்தவனை விற்கிறது! ஒட்டடையின் முகம் நினைவுக்கு வராதபடி வேறு எதையாவது பார்க்கலாமென்று போனைத் திறந்தேன். திறந்ததும் அவர் படம்தான் வந்தது.

நாத்தனார் வாசலில் நின்றாள். "போடப் போறீங்களா?"

காகிதத்தை அவளிடமே கொடுத்தேன். "படிச்சுக்க. பசை மலிவுப் பசைதான். உன்கிட்ட பொய் சொன்னேன்."

படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். "ஜன்னல் ஆளுங்களுக்கும் இதே பசைதானே?"

"ஒரே டப்பா."

"அவங்க ஒருத்தருக்கும் வரலையே. ஒட்டடையோட ஒரே பாய்ல படுக்கற அவர் சம்சாரத்துக்கும் வரல."

படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம். அவள் வலது பக்கம் சாய்ந்து படுப்பவள், தடிப்பு வலது முழங்கையில். குப்புறப் படுத்த ஒட்டடைக்கு நெஞ்சிலும் தோளிலும். மல்லாந்து படுத்தவருக்கு முதுகில். புதன்கிழமைப் படம்வரை எவர் உடம்பிலும் எதுவும் இல்லை. என் தொழில் என் கையில் இவ்வளவு தெளிவாய் எழுதி வைத்திருந்ததை நான்தான் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

"அண்ணி, புதன்கிழமைலேர்ந்து எறும்பு வரல."

நோய் பிடித்த ஊருக்கு மருந்து தூவியதுபோல் தரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. முதல் மூன்று நாள் மாவைத்தான் கொட்டினார்கள். எறும்பு சாரிசாரியாக வந்து படுத்தவர்களைப் பிடுங்கியது. அப்புறம் மாவு தீர்ந்து வேறு தூள் வந்தது. எறும்பு ஒழிந்ததே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

லைட்மேனைப் போய்ப் பிடித்தோம். அவர் முதலில் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "பின்னாடி ரூம் பூட்டை மேனேஜர் உடைச்சாரு. பழைய மூட்டைங்க. சுண்ணாம்புன்னாரு. கொட்டினதும் சாக்கை என்னை எரிக்கச் சொன்னாரு. சாக்குல மண்டை ஓடு போட்டிருந்துச்சு, பூச்சி மருந்துல இருக்குமே, அது. எனக்கென்னன்னு இருந்துட்டேன்மா."

ஏழு மணிக்கு டைரக்டர் வெளியே வந்தபோது ஒருவரும் உள்ளே போயிருக்கவில்லை. பதினொரு பேர் முழு மேக்கப்போடு கிடங்கின் வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்து ஆட்கள் தூரத்தில் தயங்கி நின்றார்கள். ஒட்டடையின் மனைவி முதலில் வந்து நாத்தனாரின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"என்ன இது? வெளிச்சம் போயிடும். எழுந்திரிங்க."

நான் காகிதத்தை நீட்டினேன். "இதுல இருக்கறது பொய் சார். நோய் ஆள்கிட்ட இல்ல, தரையில இருக்கு. என்ன தூள்னு சொல்லுங்க."

"யார் சொன்னா? உன் பசையை மறைக்க ஊரையே கிளப்பறியா?"

டப்பாவை எடுத்து எல்லோர் நடுவிலும் வைத்தேன். "மலிவுப் பசை. நான்தான் வாங்கினேன். இதையும் பரிசோதனைக்குக் குடுக்கறோம், உங்க தூளையும் குடுக்கறோம். சுண்ணாம்புதானே? அப்ப பயமென்ன?"

அவர் குரலை இறக்கினார். "இதுல என் வீடே அடமானம் இருக்கு. ஒரே ஒரு சீன். கால் மணி நேரம் படுத்தா போதும்."

"கால் மணி நேரம் நீங்க படுங்க சார். நான் கேமராவைப் பிடிக்கிறேன்" என்றாள் நாத்தனார்.

யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "இந்தப் படம் என்ன சொல்லுதுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருத்தரை ஒருத்தர் நம்பாம ஊரே சாகறதைச் சொல்லுது. எவ்வளவு பெரிய விஷயம்! அதைக் கெடுக்கறீங்களே."

"அதை நாலு நாளா நடிச்சுக் காட்டிட்டோமே சார். அதுக்குப் போய்க் கேமரா வைக்காம விட்டுட்டீங்க" என்றேன்.

கேட்டதெல்லாம் மூன்று. ஒட்டடைக்கு வைத்தியம், எல்லோருக்கும் பரிசோதனை, தரையைத் தகுந்த ஆளை வைத்துச் சுத்தம் செய்வது. டைரக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஒட்டடையின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் தூளை அள்ளி முடிந்துகொண்டு, லைட்மேனின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். போகும்போது அவர், "சாக்கைப் பத்தி நானே சொல்றேன்" என்றார்.

பத்து மணிக்கு ஒரு பஸ் வந்தது. உள்ளே முப்பது பேர், எங்களைப் போலவே ஒருநாள் வேலைக்கு வந்தவர்கள். இவர்கள் இறங்கி உள்ளே போய்ப் படுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. நாங்கள் எழுந்து பஸ்ஸை நோக்கி ஓடினோம். சீழும் இரத்தமும் வடியும் இருபது பேர் ஓடி வருவதைப் பார்த்து உள்ளே அலறல். கதவு மூடிக்கொண்டது, கண்ணாடிகள் படபடவென்று இறங்கின. "உள்ள போகாதீங்க, அங்க விஷம் இருக்கு" என்று கத்தினோம். ஒருத்தி எங்களைக் காட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் நன்றாக நடிப்பதாகச் சொன்னது கண்ணாடி வழியே தெரிந்தது.

"அண்ணி, எண்ணெய் எடுத்துட்டு வாங்க" என்றாள் நாத்தனார்.

மேக்கப் கலைக்கிற எண்ணெயைக் கொண்டுவந்தேன். அந்த ஜன்னலுக்கு நேராக அவளை நிறுத்தி, துணியில் தோய்த்து முகத்தில் தொடங்கினேன். நெற்றிப் புண் வந்தது. கன்னத்துப் புண் பஞ்சோடு உரிந்து வந்தது. கழுத்து சுத்தமானது. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. முழங்கைக்கு வந்தேன். பசையும் பஞ்சும் கழன்று விழுந்தன. கீழே சிவந்து, நீர் கோத்து, அது அப்படியே இருந்தது. துணி பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள். எனக்குக் கண் மறைத்தது.

கண்ணாடி மேலே போனது. நடிப்பைப் பாராட்டியவள்தான். "எரியுதா?"

"நெருப்பா எரியுது."

"எங்க படுத்தே?"

நாத்தனார் கிடங்கைக் காட்டினாள். அந்தப் பெண் உள்ளே திரும்பி ஏதோ சொன்னாள். ஒரு கிழவர் எதிர்த்துப் பேசினார், இன்றைய கூலி போய்விடுமே என்று. யார் யாரோ கத்தினார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் முதலில் இறங்கினாள். பின்னால் ஏழெட்டுப் பேர், அப்புறம் கிழவரும்.

"எங்க உக்காரணும்?" என்று கேட்டாள். நகர்ந்து இடம் விட்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. டைரக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி எங்களைத் தாண்டிப் போகும்போது, எல்லோர் காதிலும் விழும்படி, "இன்னொரு பஸ் வருது" என்றார்.

"வரட்டும்" என்றாள் நாத்தனார். என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, எண்ணெய் மிச்சம் இருக்கா?"